விரால் குழம்பும் ஒரு கையெழுத்தும்

மரகதத்துக்கு விரால் மீன் குழம்பு என்றால் உயிர். அதை வாங்கித் தருகிறேன் என்று அவள் கணவன் சிவசங்கர் அந்த ஞாயிற்றுக்கிழமை தானாகவே ராஜ்தூத் பைக்கைக் கிளப்பினான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பிள்ளைப்பாக்கத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை அவன் முதுகில் சாய்ந்துகொண்டே வந்தாள்.

ரயில்வே கேட்டருகே இருந்த கடையில் இலை போட்டு, கிண்ணத்தில் குழம்பு வைத்தார்கள். அப்போது நிலத் தரகர் தசரதன் வந்து எதிரே உட்கார்ந்தார். அவளுடைய கிண்ணத்திலிருந்தே ஒரு துண்டை எடுத்து மென்று, முள்ளை மேஜைமேல் துப்பினார்.

"சாப்டும்மா. அப்பால பேசிக்கலாம்."

"இன்னா பேச்சு?"

சிவசங்கர் தலையைத் தூக்கவில்லை. "உங்க அப்பா உன் பேர்ல எழுதி வெச்ச நெலம்... கம்பெனி வருதாம். ஒரே ஒரு கையெழுத்து."

"அதுக்குத்தான் மீனா?"

"கோச்சுக்காத தங்கச்சி," என்று தரகர் பல்லைக் காட்டினார். பல்லிடுக்கில் விராலின் தோல். "புழு வெக்காம மீன் மாட்டுமா?"

வழியெல்லாம் சிவசங்கரின் முதுகில் சாய்ந்து வந்ததை நினைத்து, நாற்காலியை அவனிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஒரு வாய்கூடச் சாப்பிடாத இலையைத் தன் பக்கம் மடிக்காமல் மறுபக்கம் மடித்தாள்.

சிவசங்கர் பதறினான். "ஏய், சாவு வூட்லதான இப்டி மூடுவாங்க!"

"என் நெலத்துக்குத்தான கருமாதிச் சோறு போட்டீங்க?"

சாப்பிடாத கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டு, பஸ்ஸுக்குப் போய் நின்றாள்.