வேலிக்கு அங்கால் விழுந்த தட்டு

உம்மாவுடன் நான் ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தது ஒரே ஒரு தடவைதான். அப்போது எனக்குப் பத்து வயது. காரணம் ஒரு பிளாஸ்டிக் தட்டு. இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று நியாயம் முழுவதும் என் பக்கம்தான் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.

அந்த ஆகஸ்ட் லீவுக்கு மாமா, அதாவது உம்மாவின் ஒரே தம்பி, நோர்வேயிலிருந்து வந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சொக்லேட்டும் சென்ட் போத்தலும் கொண்டுவருவார்கள். மாமா ஒரு பை நிறையத் தட்டுகள் கொண்டுவந்தார். டிஸ்க் கோல்ஃப் என்ற விளையாட்டாம். தட்டை எறிய வேண்டும், அது விழுந்த இடத்தில் நின்று மறுபடி எறிய வேண்டும், கூடைக்குள் விழும்வரை இதே வேலை. குறைந்த எறிகளில் முடிப்பவர் வென்றவர். எல்லைக்கு வெளியே விழுந்தால் தண்டனையாக ஓர் எறி கூடும்.

நாங்கள் குடியிருந்த புத்தளத்திலிருந்து வான் வண்டி பிடித்து மன்னாருக்குப் போனோம். முதல் நாள் தலைமன்னார்க் கடற்கரையில் எறிந்து பழகினோம். சோளகக் காற்று தட்டைத் தூக்கிக் கடலில் போட்டது. வள்ளத்தில் நின்ற ஒருவர் அதை எடுத்துத் தந்துவிட்டு, "இது எந்தப் பானைட மூடி?" என்று கேட்டார். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. திரும்பும் வழியில் மன்னார்ச் சந்தையில் பனையோலைக் கூடைகள் ஆறு வாங்கினோம்.

மறுநாள் முசலிப் பக்கம், உம்மா பிறந்த ஊருக்குப் போனோம். சண்டைக் காலத்தில், தொண்ணூறாம் ஆண்டு, ஆயுதக்காரர்கள் ஊர் முஸ்லிம்கள் எல்லோரையும் ஒரேயடியாக வெளியேற்றியபோது உம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வீடு இப்போது இல்லை. காணி மட்டும் இருந்தது, அதன் உறுதிப் பத்திரம் உம்மாவின் பெயரில் இருந்தது. காணியின் ஒரு பாதியை வேலி அடைத்து வேறொரு குடும்பம் குடியிருந்தது. அவர்கள் மலையகத்திலிருந்து வந்து, சண்டைக்குள் நாலைந்து இடம் மாறி, கடைசியில் அங்கே ஒதுங்கியவர்கள். எங்கள் பழைய வீட்டின் அத்திவாரத்தின் மேல்தான் அவர்களுடைய தகரக்கூரை வீடு நின்றது. இதையெல்லாம் பெரியவர்கள் வானுக்குள் பேசிக்கொண்டார்கள். உறுதியின் பிரதியும் மாமாவின் பைக்குள் இருந்தது, தட்டுகளுக்கு அடியில். எனக்கு அக்கறை தட்டுகளில் மட்டும்தான்.

வான் நின்றதும் அந்த வீட்டு அம்மா வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் என் வயதில் ஒரு பெண்பிள்ளை.

"காணி பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல இல்ல," என்றார் மாமா. "பிள்ளையள் கொஞ்ச நேரம் விளையாடட்டும். வெறுங்காணிதானே."

அந்த அம்மா சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார். எங்கள் வீட்டில் பிளேன்டீ என்பதை அவர் அப்படிச் சொன்னார்.

மாமா உடைமரங்களுக்கு நடுவே தடிகளை நட்டு, கூடைகளைக் கட்டினார். மன்னார் மாவட்டத்தின் முதலாவது டிஸ்க் கோல்ஃப் மைதானம் இதுதான் என்று அறிவித்தார். பிறகு எல்லை காட்டினார். ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் ஒழுங்கைப் பாதை, ஒரு பக்கம் பாலைமரம், நான்காவது பக்கம் அந்த வீட்டுக்கும் பின்னால் நின்ற பனைவரிசை. விளையாட்டுக்கு அவ்வளவு பெரிய இடம் எதற்கென்று நான் கேட்கவில்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

அந்த வீட்டுப் பிள்ளையும் சேர்ந்துகொண்டாள். உம்மா கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்து கொப்பியில் எறிகளைக் குறித்தார். அவள் வலு கெட்டிக்காரி. தட்டைத் தாழ்வாக, காற்றுக்குக் கீழால் எறிந்தாள். நான் பலமாக எறிந்தேன். காற்று என் தட்டை ஐந்து தடவை வேலிக்கு அங்கால் கொண்டுபோய்ப் போட்டது. ஒவ்வொரு தடவையும் படலையைத் திறந்து உள்ளே போய், அவர்களுடைய கோழிகளுக்கு நடுவே நின்று எறிந்தேன். அப்படியும் ஆறாவது கூடை முடிந்தபோது நான் மூன்று எறிகளால் வென்றிருந்தேன்.

"இல்ல," என்றாள் அவள். "வேலிக்கு அங்கிட்டு விழுந்தா வெளியதான?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போது அவளுடைய அம்மா தட்டத்தில் சாயத்தண்ணிக் கோப்பைகளை ஏந்திக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்:

"வேலி எல்லை இல்ல. பனைதான் எல்லை, மாமா சொன்னவர். உங்கட வீடும் எங்கட எல்லைக்குள்ளதான்."

அந்த அம்மா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிய சத்தம் கேட்டது. மாமா தன் பையைப் பார்த்தார். மகள் தோற்றதற்காக ஒரு தாய் இவ்வளவு கலங்குவாரா என்று நான் நினைத்தேன்.

உம்மா எழுந்து போய் அவருடைய கையிலிருந்து தட்டத்தை வாங்கினார்.

"பிள்ளைக்குத் தெரியாது. வேலிதான் எல்லை," என்றார். "வேலிக்கு அங்கால எங்களுக்கு ஒண்டுமில்ல. நீங்க பயப்படாதீங்கோ."

"ராத்தா," என்று தன் அக்காவைக் கூப்பிட்டார் மாமா.

உம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டத்தைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, கொப்பியை எடுத்து என் பெயருக்குக் கீழே ஐந்து எறிகளைக் கூட்டிப் போட்டார். நான் இரண்டால் தோற்றேன். விளையாட்டு முடிந்த பிறகு எல்லையை மாற்றுவது உலகத்தில் எங்கே நடக்கும்? அந்தப் பிள்ளை சிரித்தாள். அவளுடைய அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு கோப்பையை எடுத்து உம்மாவிடம் நீட்டினார். இருவரும் நின்றபடியே குடித்தார்கள். நான் குடிக்கவில்லை.

வானில் ஏறியதும் அழத் தொடங்கினேன். முன்னால் மாமா குரலைத் தாழ்த்தி, "என்ன செய்தனீங்க எண்டு விளங்குதா ராத்தா?" என்று கேட்டார்.

"விளங்கித்தான் செய்தனான்."

"ஒரு சொல் என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க."

மாமாவாவது என் பக்கம் நிற்கிறாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதேன்.

பிறகு உம்மா அந்தப் பாதியை முறைப்படி அவர்களுக்கே எழுதிக் கொடுத்தார். அது எனக்குத் தெரியவந்தபோது நான் படித்து முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தெரிந்த அன்று, அந்த வான் பயணம் முழுவதையும் மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஐந்து எறிகளைப் பறிகொடுத்த நான் புத்தளம்வரை விக்கி விக்கி அழுதுகொண்டு வந்திருக்கிறேன். பிறந்த வீட்டு நிலத்தை ஒரு வார்த்தையில் விட்டுவிட்டு வந்தவர், தண்ணீர்ப் போத்தலைத் திறந்து திறந்து எனக்கு நீட்டி, என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே வந்திருக்கிறார்.