செல்வி பழகும் வாக்கியம்

எனக்கு ஆங்கிலம் தெரியாது. தெரியும் என்று சொல்லி ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நான்கு வருடம் இத்தாலியில் ஒரு முதியவரைப் பராமரித்துவிட்டு இலங்கைக்கு, எங்கள் ஓப்பநாயக்கவுக்குத் திரும்பினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துச் செல்வி இப்போது இத்தாலியில் ஒரு நோனாவை, அதாவது வயதான பாட்டியை, பார்த்துக்கொள்கிறாள். நோனாவுக்குப் போனில் காது கேட்காது. லண்டனில் இருக்கும் மகள், இலங்கைக்காரிக்கு ஆங்கிலந்தான் வாசிக்கத் தெரியும் என்று நினைத்து, செல்விக்கு ஆங்கிலத்தில் எழுதுவாள். செல்வி அதை எனக்கு அனுப்புவாள். நான் இத்தாலி மொழியில் சொல்லிக்கொடுப்பேன்.

நீங்களே சொல்லுங்கள், இந்த ஆங்கிலேயர்களுக்கு என்னதான் கேடு? 'பிக்' என்று ஒரு சொல், பின்னால் 'அப்' என்று ஒரு வால். விழுந்ததை எடுத்தாலும் பிக் அப். கடையில் பாண் வாங்கி வந்தாலும் பிக் அப். ஆளைக் காரில் ஏற்றிப்போனாலும் அதுவே! இத்தாலி மொழியிலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். எனக்குத் தெரிந்தது ஒன்றே... 'ரக்கோல்யெரே'. கீழே கிடப்பதைப் பொறுக்குவது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை பிக் அப் செய்ய வருகிறேன் என்று மகள் எழுதியிருந்தாள். சொல்லிக்கொடுத்தேன்.

"நிச்சயந்தானாக்கா? போன்ல போட்டுப் பாக்கவா?" என்றாள் செல்வி.

போன் பொய் சொல்லும் என்று அதட்டினேன். ஏன் அதட்டினேன்? பயம்... வேறென்ன!

உங்களைப் பொறுக்கிப்போக மகள் வருகிறாள் என்று செல்வி போய்ச் சொல்லியிருக்கிறாள். நோனா அப்போதுதான் குளியலறையில் விழுந்து எழுந்திருந்தார். நான் என்ன தரையில் கிடக்கும் குப்பையா என்று அழுது, காரில் ஏறவே மறுத்துவிட்டாராம். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்றாளாம் மகள்.

அதைக் கேட்ட பிறகுதான் சரியான சொல் நினைவுக்கு வந்தது. 'வெங்கோ அ பிரெந்தெர்தி', உன்னை அழைத்துப்போக வருகிறேன். நான் பார்த்துக்கொண்ட முதியவரிடம் அவர் மகன் ஞாயிறுதோறும் சொன்னது. நான்கு வருடம் என் காதில் விழுந்தது!

செல்வியை அழைத்தேன். உண்மையைச் சொல்லத்தான் அழைத்தேன், நம்புங்கள். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"என் வாய்தாங்க்கா சரியில்ல. நீங்க சொன்னத நான் ஒழுங்கா சொல்லல்ல."

"பழகப் பழக வரும்," என்றேன்.

மகள் மறுபடியும் வரப்போகிறாள். அதற்குள் திருத்திக்கொள்ள வேண்டும் என்று செல்வி தினமும் அதே வாக்கியத்தைப் பேசிப் பதிந்து அனுப்புகிறாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே, சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று கேட்கிறேன். நாளுக்கு நாள் தெளிவாக வருகிறது... என் தவறு, அவள் குரலில்.

இன்றும் வந்தது. நல்லாயிருக்கு என்று பதில் போட்டேன்.