நடுச்சுவர் மேல் ஓடிய ஒயர்

தங்கபுஷ்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் இடது காதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பதினெட்டு வருஷம் டிரங்க் கால் ஆபரேட்டர் வேலை, வெளியூர் போன்களை இணைத்துக் கொடுப்பது. அந்தக் காலத்து ஹெட்செட்டில் ஒரு காதுக்கு மட்டும்தான் குமிழ் இருக்கும். எட்டு மணி நேரம் அது இடது காதை அழுத்திக்கொண்டே கிடக்கும். ட்யூட்டி முடிந்து எங்கள் தி. நகர் சந்துக்குள் வரும்போது பார்த்தால் ஒரு காது சிவந்திருக்கும், இன்னொன்று ஒன்றும் தெரியாததுபோல இருக்கும்.

வீட்டில் மூன்று போர்ஷன். முன்னால் நாங்கள், நடுவில் தங்கபுஷ்பம், பின்னால் நல்லசிவமும் அவர் மனைவி சொர்ணமும். மூன்றுக்கும் பொதுவாகப் பக்கவாட்டில் ஒரு நடை. தங்கபுஷ்பம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அப்பா சீக்கிரம் போய்விட்டார். தங்கைகள் இரண்டு பேரைக் கட்டிக் கொடுத்து நிமிர்ந்தபோது இவளுக்கு நாற்பது வந்துவிட்டது. இதையெல்லாம் அவளாகச் சொன்னதில்லை, நான்தான் கேட்டுக் கேட்டுப் பிடுங்கினேன். என் வாய் அப்படி. அவள் வாய் நேர் எதிர். நாள் முழுக்க ஊரார் பேசுவதற்கு ஒயரைச் சொருகிக் கொடுத்தவளுக்குத் தன் சொந்தப் பேச்சு நாலு வார்த்தைக்கு மேல் வராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அவள் ஒரு ஸ்டீரியோ ஆம்பிளிஃபயர் வாங்கினாள். பெரிய கம்பெனி ரேடியோகிராம் எல்லாம் பங்களாக்காரர்களுக்கு. இது மவுண்ட் ரோடுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ஹபீபுர் ரஹ்மான் என்பவர் தன் கையாலேயே செய்து கொடுத்தது. சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு மரப்பெட்டி, முன்னால் அலுமினியத் தகடு, நாலு குமிழ், ஒரு சிவப்பு பல்பு. எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு அது போதும். இதெல்லாம் உனக்கு எதற்கடி என்று கேட்டேன்.

“இத்தன வருசமா ஒத்தக் காதுதாம்க்கா வேலை பாக்கு. இன்னொண்ணுக்கும் ஏதாச்சும் குடுக்கணும்லா” என்றாள்.

கேலி செய்யத்தான் போயிருந்தேன்.

ரஹ்மான் பாய் பெட்டியையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். அவளிடம் இருந்த பழைய ரெக்கார்டு பிளேயரின் ஊசியையும் ஸ்டீரியோவுக்கு மாற்றினார். பிறகு அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இன்னாம்மா இது, ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல ஆறடியாவது வோணும். இங்க கட்டிலும் பீரோவும்தான் கீது” என்றார். உண்மைதான். அந்த அறையில் ஆள் திரும்புவதே கஷ்டம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். அதற்கு ஒரு ரேடியோவே போதுமே என்றேன் நான்.

நடையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நல்லசிவம்தான் வழி சொன்னார். அவர் உஸ்மான் ரோட்டில் ஒரு நகைக்கடையில் சேல்ஸ்மேன். யாரையும் முறை சொல்லித்தான் கூப்பிடுவார்; தங்கபுஷ்பம் அவருக்குத் தங்கச்சி, அதனால் சொர்ணம் அவளுக்கு மைனி, அதாவது அண்ணி. “ஒண்ண எங்க வீட்டுக்கு அனுப்புங்க தங்கச்சி, நாங்க என்ன தின்னுட்டா போவோம்?” என்றார். இரண்டு போர்ஷனுக்கும் இடையில் உள்ள சுவர் கூரையைத் தொடாது, மேலே ஓர் அடி இடைவெளி உண்டு. அதன் மேலாக ஒயரை வீசினார்கள். வலது பக்கத்து ஸ்பீக்கர் சொர்ணத்தின் அரிசி டின் மேல் போய் உட்கார்ந்தது.

அப்படித்தான் ஒரு பாட்டு இரண்டு வீட்டில் குடியேறியது. அந்தக் காலத்து ஸ்டீரியோ இசைத்தட்டுகள் சிலவற்றில் குரலை ஒரு பக்கத்திலும் வாத்தியங்களை மறுபக்கத்திலும் கொட்டி வைத்திருப்பார்கள். தங்கபுஷ்பத்திடம் இருந்த முருகன் பாட்டுத் தட்டு அந்த ரகம். அவள் அறையில் தபேலாவும் வயலினும், சொர்ணத்தின் அறையில் குரல். முழுப்பாட்டு வேண்டுமென்றால் இரண்டு வாசலுக்கும் நடுவில், நடையில் உட்கார வேண்டும். நல்லசிவம் அங்கே ஒரு மடக்கு நாற்காலி போட்டுக்கொள்வார். சனிக்கிழமை அவருக்குக் கடையில் அரைநாள் லீவு. சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டு ஆரம்பித்தால் அந்த நாற்காலியில் ராஜா மாதிரி இருப்பார். தங்கபுஷ்பம் வாசல்படியில், சொர்ணம் அடுப்படியில். சொர்ணத்துக்குப் பாட்டு ஆசை உண்டு, ஆனால் கூடவே முணுமுணுப்பதோடு சரி, வாய் திறந்து பாடி யாரும் கேட்டதில்லை. இவள் பாட்டை வாய்க்குள்ளேயே முழுங்கிவிடுவாள் என்று நல்லசிவம் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். இந்தக் கூத்து எனக்குப் பிடிக்காததுபோல முகத்தை வைத்துக்கொள்வேன். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் நான் எங்கேயும் போனதில்லை.

எழுபத்தாறு ஆவணியில் நல்லசிவம் கடையில் நகைத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டார். ஐம்பது வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் நடையில் சத்தமே இல்லை. துக்க வீட்டுப் பக்கத்தில் பாட்டுப் போடக் கூடாது, இது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தங்கபுஷ்பம் ஆம்பிளிஃபயரின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். மடக்கு நாற்காலியை மடித்து நடைச் சுவரில் சாய்த்து வைத்தது நான்தான். சொர்ணம் உள்ளேயே இருந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. நாங்கள் மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுபோய் வைப்போம், பாதி அப்படியே திரும்பி வரும். ஏதாவது கேட்டால் ம் என்பாள், இல்லை என்றால் அதுவும் இல்லை. நாலு மாதம், ஐந்து மாதம் இப்படியே போயிற்று. துக்கம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மனுஷி பேச்சையே மறந்துபோவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

தை மாதத்தில் அவள் அண்ணன் வெள்ளைத்துரை திசையன்விளையிலிருந்து கடிதம் போட்டார். திங்கட்கிழமை வந்து தங்கச்சியை ஊருக்குக் கூட்டிப்போகிறாராம், சாமான்களைக் கட்டி வைக்கச் சொல்லவும். கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். போகிறாயா என்றேன். பதில் இல்லை. இங்கேயே இருக்கிறாயா என்றேன். அதற்கும் இல்லை. அங்கே போனால் அண்ணன் வீட்டு அடுக்களையின் ஒரு மூலைதான் அவளுக்கு மிச்சம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் வெள்ளைத்துரையிடம் பேசிக்கொள்வேன். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. தங்கபுஷ்பம் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ஊமைகளுக்கு நடுவில் நான் மட்டும் கத்திக்கொண்டு என்ன பிரயோஜனம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். தபேலாச் சத்தம் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தீப்பெட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே நடு போர்ஷனுக்குப் போனேன். தங்கபுஷ்பம் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“என்னடி புத்தி உனக்கு? அந்த வீட்டுல ஆறு மாசம்கூட ஆவலியே” என்றேன்.

“என் பக்கம் மட்டுந்தாம்க்கா. அங்கிட்டுப் போவாம திருப்பி வச்சிருக்கேன்” என்றாள். அவள் விரல் கடைசிக் குமிழின் மேல் இருந்தது. அது பேலன்ஸ் குமிழ். சத்தத்தை இரு பக்கத்துக்கும் பங்கு வைப்பது அதுதான். அதை ஒரேயடியாக இடது பக்கம் முறுக்கி வைத்திருந்தாள். ஏன் போட்டாய் என்று கேட்டேன். திங்கட்கிழமை மைனி போய்விடுவாள், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாள்.

பிளேயரை நிறுத்தக் கையை நீட்டினேன். அதற்குள் வயலின் முடிந்து பல்லவி ஆரம்பிக்கும் இடம் வந்துவிட்டது. அந்த முருகன் பாட்டுதான். குரல் அந்தப் பக்கத்து ஸ்பீக்கரில் வர வேண்டும், அது அணைந்து கிடந்தது. வெறும் தபேலா மட்டும் யாருக்காகவோ காத்திருப்பதுபோலத் தட்டிக்கொண்டு போயிற்று. ஒரு வரி அப்படியே காலியாகப் போனது.

இரண்டாவது வரிக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

ஐந்து மாதம் பேசாத தொண்டை, கரகரத்தது. ஒரு இடத்தில் உடைந்து நின்றது, பிறகு தபேலாவைத் தேடிப் பிடித்துக்கொண்டது. முணுமுணுப்பு இல்லை. சொர்ணம் வாய் திறந்து பாடினாள்.

நான் ஒரு மடச்சி. குமிழைத் திருப்பு, நிஜக் குரலையும் விடு, அவளுக்குத் துணையாக இருக்கும் என்று ஜாடை காட்டினேன். தங்கபுஷ்பம் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று கையால் அந்தக் குமிழை மூடிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டில் இருக்கும் குரல் வந்தால் சொர்ணம் நிறுத்திவிடுவாள். அந்த இடம் காலியாக இருந்ததால்தான் அவள் வந்தாள்.

வெளியே வந்தேன். சுவரில் சாய்த்திருந்த மடக்கு நாற்காலியை விரித்து நடையின் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். ஒரு காதில் தபேலா, மறு காதில் சொர்ணம். முழுப்பாட்டும் கேட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

பாட்டு முடிந்து ஊசி கரகரவென்று ஓடியது. அதை யாரும் எடுக்கவில்லை. தங்கபுஷ்பம் எழுந்து என்னைத் தாண்டிப்போய்ப் பின் போர்ஷன் வாசலில் நின்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை ஒரே மூச்சில் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“மைனி, ஊருக்குப் போவாதீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்பா வச்சுக்கிடுவோம். நீங்க இல்லாம எனக்கு இங்க யாரு இருக்கா?”

உள்ளேயிருந்து சொர்ணம் சொன்னாள், “ஊசி தேயுது புஷ்பம். போயி எடு. எடுத்துட்டு இங்க வா.”

திங்கட்கிழமை வெள்ளைத்துரை வந்தார். சாமான் எதுவும் கட்டியிருக்கவில்லை. நான் வரலேண்ணே என்று சொர்ணமே சொன்னாள், என் வாய்க்கு வேலையே வைக்கவில்லை. அவர் நல்ல மனுஷர்தான். கோபத்தில் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார், ஆனால் கொண்டுவந்த கருப்பட்டியை வைத்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த வருஷம் வால்யூம் குமிழ் கரகரக்கிறது என்று ரஹ்மான் பாயை வரச் சொன்னார்கள். பெட்டியைத் திறந்து துடைத்துவிட்டு நாலு குமிழையும் பார்த்தார். பேலன்ஸைச் சரியாக நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். “இது இன்னாத்துக்கும்மா ஒரே ஓரமா கீது? அந்த சைடு ஸ்பீக்கர் வேலை செய்யலியா?” என்றார்.

தங்கபுஷ்பம் சொர்ணத்தைப் பார்த்தாள். சொர்ணம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு பாய். அந்தப் பக்கம் நான் பாடுதேன்.”

பாய் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அப்புறம் நடுவில் நிறுத்திய குமிழை மறுபடி ஓரத்துக்கே திருப்பி வைத்தார்.