காலிக் கோனுக்குள் என் இன்ஹேலர்

முதலில் வந்தது இருமல்தான். நெருப்பெரிச்சல் என்ற ஊரில், நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். அங்கே இருமல் ஒரு செய்தியே இல்லை. மிஷின் ஓடினால் பஞ்சுத் தூசி பறக்கும், பறந்தால் இருமுவோம். ஒரு நாள் காலை மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகியது. உள்ளே போன மூச்சு வெளியே வரமாட்டேன் என்றது.

ஹார்ட் அட்டாக் என்று நானே முடிவு செய்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், மாலை போடுவதற்கு என்னுடைய எந்தப் போட்டோ நன்றாக இருக்கும் என்று மனைவிக்கு விளக்கினேன்.

"ஏனுங்க, இத்தனை பேசறீங்களே, கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விடுங்க" என்றாள்.

ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பை வரைந்து காட்டும் சோதனை) சரியாக இருந்தது. ஸ்பைரோமெட்ரி (மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனை) சரியாக இல்லை.

"லீவு நாள்ல எப்படிங்க இருக்குது?" என்றார் டாக்டரம்மா.

"நல்லாத்தானுங்க இருக்குது."

"ஆஸ்துமாங்க."

உயிர் வந்தது, மானம் போனது. "எனக்கு நாப்பத்தெட்டு வயசுங்க. அது குழந்தைங்களுக்கு வர்றதுதானுங்களே?"

"உலகம் பூரா பெரியவங்களுக்கும் இருக்குதுங்க. ஒரு ஊர்ல அதிகம், ஒரு ஊர்ல கம்மி. கணக்குல கம்மின்னு காட்டற ஊர்ல நெறையப் பேரு வெளிய சொல்லியிருக்க மாட்டாங்க."

அது என்னையே சொன்னது போல இருந்தது. காரணம் உண்டு. போன வருடம் கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்தது. வீசிங் (மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் சத்தம்) இருப்பவர்கள் கை தூக்கச் சொன்னார் நர்ஸ். துணி செக்கிங்கில் இருக்கும் செல்வி மட்டும் தூக்கினாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க, குக்கர் விசில் அடிக்கப் போகுது" என்றேன். கம்பெனியே சிரித்தது. வேறு ஒரு கையும் எழவில்லை. அன்றிலிருந்து அவள் பெயர் குக்கர்.

அப்படிப்பட்டவன் எந்த முகத்தோடு இன்ஹேலரை (மருந்தை மூச்சோடு இழுக்கும் கருவி) வெளியே எடுப்பேன்? நூல் தீர்ந்த ஒரு காலிக் கோனுக்குள், அந்த அட்டைக் கூம்புக்குள், அதை ஒளித்து என் மேஜை ஓரம் நிறுத்தி வைத்தேன்.

சனிக்கிழமைதோறும் காலிக் கோன்களை மூட்டை கட்டி வேஸ்ட் கடைக்கு அனுப்புவோம். "ஒண்ணு விடாம எடுங்கப்பா" என்று கத்துவது நான்தான். அந்தச் சனிக்கிழமையும் கத்தினேன். ஒன்று விடாமல் எடுத்தார்கள்.

அரை மணி நேரத்தில் நெஞ்சு இறுகியது. மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோனுக்குள்ளும் விரலை விட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணே தேடுதீங்க?" செல்வி நின்றிருந்தாள்.

என் வாய் பதில் சொல்லவில்லை, நெஞ்சு சொன்னது. நல்ல நீள விசில். அவள் ஓடிப்போய்த் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வந்தாள். "பேசாதீங்க. மெதுவா இழுங்க. பத்து எண்ணுற வரைக்கும் விடாம வைங்க."

மூச்சு திரும்பியதும், என் இன்ஹேலரை ஒளித்து வைத்த கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"நானும் ஒளிச்சுத்தான் வச்சிருக்கேன். நீங்க பேரு வச்ச பொறவு பாத்ரூம்ல போயி, சத்தம் கேக்காம இருக்க பைப்பைத் தொறந்துவிட்டுத்தான் இழுப்பேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். "சரிண்ணே" என்று வேலைக்குப் போய்விட்டாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்த வருட முகாமில் நர்ஸ் கேட்டதும் நான் கை தூக்கினேன். "நீங்களுமா குக்கருங்க?" என்றது ஒரு குரல். "அந்தப் பேரு இனி எனக்கு மட்டுந்தானுங்க" என்றேன். பிறகு நிட்டிங் பக்கம் ஒரு கை, பீகார்க்காரர்கள் நின்ற இடத்தில் இரண்டு. செல்வியின் கை கடைசியாக எழுந்தது.

இப்போது இன்ஹேலர் என் மேஜை மேலேயே இருக்கிறது. எல்லோர் முன்னாலும் இழுத்து, வாயை மூடிப் பத்து எண்ணுகிறேன். முன்பெல்லாம் பத்து எண்ணுவதற்குள் இரண்டு பேரைக் கேலி செய்துவிடுவேன். இப்போது அந்தப் பத்து நீண்ட நேரமாக இருக்கிறது. அடைத்த கதவுக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒருத்தி ஒரு வருடமாக எண்ணிய பத்துகள் அதற்குள் இருக்கின்றன.