இரண்டு குத்தையும் வாங்கியவர்

சாமிக்கண்ணு மாமா டீ கைக்கு வந்ததும் குடித்துவிட மாட்டார். கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொடுவார். உதடு லேசாக அசையும். பிறகு அடுத்த விரல், அதற்கடுத்தது, கடைசியாக ஆள்காட்டி விரல். நாலு விரலுக்கு நாலு சொல். முடிந்ததும் சின்னதாக ஒரு தலையாட்டல். அப்புறம்தான் முதல் வாய்.

ஏதோ சாமி பெயர் என்று நினைத்தேன். 'விரல் நுனிகளில் வசிக்கிறது அவரது தெய்வம்' என்று நோட்டில் ஒரு வரிகூட எழுதி வைத்தேன். கவிதைக்கு ஆகும் என்று. அவரிடமே கேட்டிருக்கலாம். எனக்கு யாரிடமும் எதையும் கேட்க வராது. பார்த்துக்கொண்டே இருப்பேன், அவ்வளவுதான்.

மாமாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தேவனாம்பட்டினத்துக்காரர், துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார். கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன், பஸ் நிறுத்தத்தில்தான் தினம் அவரைப் பார்ப்பேன். நான் சிதம்பரம் பஸ்ஸுக்கு நிற்பேன், அவர் டீக்கு. சிதம்பரத்தில் எங்கள் குத்துச்சண்டை கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து அடி வாங்கியவர் அவர். போட்டிக்குப் போகிற பையன்கள் பழகிப் பார்க்க எதிரே ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள். சொந்தமாக ஒரு மெடல் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் முட்டிவலி என்று சொல்லி நின்றுவிட்டார்.

கிளப்பின் வெள்ளி விழா மலரை நான் வேலை பார்க்கும் டி.டி.பி. கடையில்தான் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு பக்கம், 'நம் கிளப்பின் பலமான குத்து யாருடையது?' இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒன்று வினோத்குமார். போன வருஷம் மாநிலப் போட்டியில் ஜெயித்தவன், போனைத் திறந்தால் அவன் வீடியோதான். இன்னொன்று தங்கராசு, மாமாவின் தங்கை திலகவதியின் கணவர். சுனாமியில் போய்விட்டார். அவர் போட்டோ, சர்டிபிகேட் எல்லாம் வீட்டோடு போனது.

"தங்கராசு குத்த இப்ப யாருப்பா பாத்தா? வினோத் பேரயே போட்டுடு" என்றார் செயலாளர் நடனசபாபதி, மலர் பற்றிப் பேசக் கிளப்பில் கூடியபோது.

பழைய ஆள் என்று மாமாவையும் கூப்பிட்டிருந்தார்கள்; தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்காகத்தான் பேசினேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"ஜோ லூயிஸ், ஃபோர்மன், டைசன்னு வேற வேற காலத்து ஆளுங்கள ஒரே ரிங்குல நிறுத்த முடியாது சார். ஆனா ரெண்டு பேர்கிட்டயும் வாங்கினவன் இருந்தா அவன கேக்கலாம். லாரி ஹோம்ஸ்னு ஒரு சாம்பியன், அந்தக் காலத்து ஷேவர்ஸ்கிட்டயும் வாங்கியிருக்காரு, பின்னால வந்த டைசன்கிட்டயும் வாங்கியிருக்காரு. ஷேவர்ஸ் குத்துதான் பலம்னு அவர் சொன்னாரு. நம்ம கிளப்புல தங்கராசு, வினோத் ரெண்டு பேர் குத்தையும் வாங்கினது மாமாதான்."

எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா என்கிட்ட வாங்கி நாலு வருசம் ஆவுது" என்றான் வினோத். "அப்ப நான் பொடியன். இப்ப ஒண்ணு வாங்கிட்டுச் சொல்லட்டும், ஒத்துக்கறேன்."

"வேணாம்டா."

"தாடைக்கு ரிடையர்மென்ட்டா மாமா?" என்றது ஒரு குரல். சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "தங்கராசு அண்ணன் பேருக்காக ஒரு குத்து வாங்க மாட்டீங்களா மாமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சனிக்கெழம வரேன்" என்றார்.

அன்று காலை ஓ.டி.யில் டீ வாங்கிக் கொடுத்தேன். விரல்கள் வரிசையாகப் போய், ஆள்காட்டி விரலில் கட்டைவிரல் நின்றுவிட்டது. டீயில் ஆடை படர்ந்தது.

"அறிவு, இன்னிக்கு என்னா கெழம?"

"சனி மாமா. நீங்கதான வரேன்னீங்க?"

தலையாட்டினார். டீயைக் குடித்தார். ஓரமாகப் போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தார். பஸ் ஏறினோம்.

ரிங்கில் வினோத் க்ளவுஸைத் தட்டிக்கொண்டே, "மெதுவா வரட்டா மாமா?" என்றான்.

"மெதுவா குத்துனா அது எப்புட்றா கணக்கு? முழுசா குத்து."

வலது கை. ஹெட்கார்டு போட்டிருந்தும் அந்தச் சத்தம் வாசல் வரை கேட்டது. மாமா இரண்டு அடி பின்னால் போய்க் கயிற்றில் சாய்ந்தார். விழவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"தங்கராசுதான். இவன் குத்து தாடையோட நின்னுடுது. அவன் குத்து முட்டி வரைக்கும் எறங்கும்."

"செத்த ஆளுகிட்ட என்ன தோக்க வெச்சிட்டியே மாமா" என்று வினோத்தே அவரைக் கட்டிக்கொண்டான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க மட்டுமே தெரிந்தவன், அன்றைக்கு அதையும் செய்யவில்லை.

திரும்பும்போது நானும் கூடவே வந்தேன். சிப்காட் நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. மாமா பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டார். உட்கார வந்தவரிடம், "ஆள் வருது" என்றார்.

"யாரு மாமா?"

"தங்கராசு. பின்னாடி ஏறிட்டானா பாரு."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஓ.டி. வரைக்கும் அந்தத் துண்டை எடுக்கவும் இல்லை.

அதன்பின் மாமா துறைமுகத்துக்குப் போகவில்லை, டீக்கும் வரவில்லை. மலர் அச்சானதும் ஒரு பிரதியோடு, தங்கையோடு அவர் இருக்கும் வீட்டுக்குப் போனேன். திலகவதி அக்கா தங்கராசு பெயரைத் தடவிப் பார்த்தார். மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் சுண்டுவிரல் மேல் இருந்தது, அங்கிருந்து நகரவில்லை.

"அக்கா, அது எந்தச் சாமி பேரு?" முதல் தடவையாகக் கேட்டேன்.

"சாமியா? பாண்டி டாக்டர் சொல்லிக் குடுத்தது தம்பி. அண்ணன் பேரு, எம்பேரு, ஊரு, கெழம. தெனம் காலையில சொல்லிப் பாக்கணும், ஒண்ணு வரலன்னாலும் அன்னிக்கே கூட்டியாரணும்னாங்க. தலையில இனிமே அடியே படக்கூடாதுன்னுதான் கிளப்பையே வுட்டாரு." மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "அந்தச் சனிக்கெழம வூட்லயே கெழம வரல. ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னேன். ஒரே ஒரு குத்துதான் திலகா, ஓ.டி.யில டீ குடிக்கறப்ப இன்னொரு வாட்டி சொல்லிப் பாக்கறேன், வந்துட்டா சிதம்பரம், வரலன்னா பாண்டின்னாரு. எங்க வூட்டுக்காரர் பேரு வரணும்னு எனக்குந்தான் ஆச, சரின்னுட்டேன். கொஞ்ச நேரத்துல போன் பண்ணாரு. கெழம வந்துடுச்சின்னாரு."