நெஞ்சுப் பட்டை

அவரை நான் மன்னிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் மனம் இளகிவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். தாராவியில் என் தோல் பட்டறைக்கு இரண்டு சந்து தள்ளி அவருடைய ரெக்சின் கடை. இருவருக்குமே பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். விடிவதற்கு முன்பே திலக் நகரில் கூடி ஐரோலி பாலம் வரை மிதிப்போம். பாலத்தின் ஏற்றத்தில் ஒரு போட்டி. பிறகு திரும்பி வந்து மாட்டுங்காவில் இட்லி. இதில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஏற்றத்தில் கடைசியாக வந்தவன் ஹோட்டலுக்குள் நுழையக் கூடாது. மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே நின்று சைக்கிள்களுக்குக் காவல் இருக்க வேண்டும்.

முதல்முறை அது வந்தபோது பாதி ஏற்றத்தில் இருந்தேன். தோல் வைக்காமல் தையல் மிஷினை ஓடவிட்டால் தடதடக்குமே, நெஞ்சுக்குள் அப்படி. கைப்பிடியில் இருந்த சின்னத் திரை இருநூறைத் தாண்டிய எண்ணைக் காட்டியது. சைக்கிள்காரர்களிடம் ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. நாடித்துடிப்பு தாறுமாறாக ஏறினால் நெஞ்சைச் சந்தேகப்பட மாட்டோம், துடிப்பை அளக்க நெஞ்சில் கட்டியிருக்கும் பட்டையைச் சந்தேகப்படுவோம். பட்டை காய்ந்துபோனால் தப்பாகக் காட்டும் என்பது எங்கள் வேதம். நானும் சட்டைக்குள் கைவிட்டுப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவர் என்னைக் கடந்துபோகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

“பட்டை லூசு. எச்சி தொட்டு மாட்டுல, நெஞ்சு ஒண்ணும் ஆவாது.”

எச்சில் தொட்டு மாட்டினேன். எண் இறங்கவில்லை. கால்களில் உயிர் இல்லை. கடைசியாகத்தான் ஏறினேன். மாட்டுங்காவில் கண்ணாடிக்கு வெளியே நின்று, அவர் இரண்டாவது காபி குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. ஒன்றுமே நடக்காதது போல.

அந்த வியாதியின் அயோக்கியத்தனமே அதுதான். டாக்டர் முன்னால் வராது. சுனாபட்டி டாக்டர் எத்தனை முறை இ.சி.ஜி. எடுத்தாலும் கோடு சாதுவாக ஓடும். பட்டறையில் குனிந்து செருப்பு மாட்டும்போது வந்திருக்கிறது, லோக்கல் ரயிலில் தொங்கும்போது வந்திருக்கிறது. அதையெல்லாம் பார்க்க ஆளில்லை. அவர் கண்ணில் பட்டது பாலத்தில் வந்தது மட்டும்தான். ஏற்றம் வந்தால்தான் இவனுக்கு நெஞ்சு துடிக்கும், எல்லாம் டிராமா என்று தாராவி முழுக்கச் சொல்லி வைத்தார். பட்டறைக்குப் பை வாங்க வந்த வாடிக்கையாளர்கூடச் சிரித்துக்கொண்டே உடம்பு விசாரித்தார். அன்று அந்தப் பையை அந்த வாடிக்கையாளர் தலையில் கவிழ்க்காமல் விட்டதே பெரிய விஷயம்.

செம்பூரில் ஓர் இருதய டாக்டர்தான் முதன்முதலில் என்னை நம்பினார். இருதயத்துக்குள் கரண்ட் ஓடுகிற பாதையில் ஒரு கிளை அதிகமாக இருக்கலாம், தடதடப்பு ஓடும்போதே இ.சி.ஜி.யில் பிடித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். இல்லாவிட்டால் உள்ளே கம்பி விட்டுத் தேடி, இருந்தால் அப்போதே அதை எரித்துவிடும் ஆபரேஷன் உண்டு என்றும் சொன்னார். வந்தால் உடனே உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு முக்க வேண்டும், முகத்தில் ஐஸ் தண்ணீரை அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து என் சைக்கிள் பாட்டிலில் ஐஸ் தண்ணீர்தான். முக்கால்வாசி நேரம் அது வேலை செய்தது. ஆனால் வயிற்றெரிச்சலுக்கு அவரிடம் வைத்தியம் இல்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்த ரெக்சின் கடைக்காரரைக் கண்ணாடிக்கு வெளியே நிற்க வைக்க வேண்டும். வேறு எந்த வேண்டுதலும் எனக்கு இல்லை.

போன மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு. பாலத்தின் அடியிலிருந்தே வெறியோடு மிதித்தேன். அவரைத் தாண்டி, எல்லோரையும் தாண்டி, உச்சி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அப்போது பார்த்து நெஞ்சுக்குள் மிஷின் ஓட ஆரம்பித்தது.

இறங்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது, மூக்கையும் பிடிக்கவில்லை. எத்தனையோ தடவை, நின்றுவிடு, நின்றுவிடு என்று அந்தத் தடதடப்பிடம் கெஞ்சியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும், அவர் வந்து சேரும்வரை நின்றுவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தார். கோஷ்டியும் பின்னாலேயே வந்து நின்றது. என்னைப் பார்த்ததும் வழக்கமான சிரிப்பு. பட்டை மறுபடியும் லூசா என்றார். நான் பட்டையைக் கழற்றி அவர் காலடியில் போட்டேன். அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்து, சட்டைக்குள் விட்டு நெஞ்சில் அழுத்தினேன்.

“இப்ப பட்டை இல்ல அண்ணாச்சி. கைய எடுக்காதீய.”

சிரிப்பு போனது. உதடு காய்ந்தது. கையை இழுக்கப் பார்த்தார், நான் விடவில்லை. தோல் இழுத்துப் பழகிய கை என்னுடையது.

அப்போது, அவர் உள்ளங்கைக்குக் கீழேயே, அது நின்றது. அது நிற்கும்போது எப்போதுமே அப்படித்தான். ஒரு கணம் சுத்தமாக ஒன்றும் இருக்காது. பிறகு ஒரே ஒரு பெரிய இடி இடித்துவிட்டு ஒழுங்காக ஓடத் தொடங்கும். அந்த ஒரு கணத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். நான் செத்துப்போய்விட்டேன் என்று நினைத்துவிட்டார். தன் கையிலேயே செத்துவிட்டேன் என்று. “ஏசுவே” என்று முனகிக்கொண்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்து, மிச்சமிருந்த ஏற்றத்தை மெதுவாக மிதித்தேன். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். அவர் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைசியில் வந்தார்.

மாட்டுங்காவில் யாரும் சொல்லாமலே அவர் வெளியே நின்றுகொண்டார். நான் இரண்டு காபி குடித்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால், அவர் தன் வலது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம், சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிக்கொள் என்று கெஞ்சுகிறார். ராத்திரியில் தூக்கம் வருவதில்லையாம், அந்தக் கணம் கையிலேயே இருக்கிறதாம். ஆபரேஷனுக்கு எப்போதோ பெயர் கொடுத்துவிட்டேன். அது ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நிற்கும், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்பதை மட்டும் அவரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.