மிதவைகள் நழுவிய குழாய்

சுகுணா கடலைப் பார்த்தது கல்லூரிச் சுற்றுலாவில் ஒரே ஒரு தடவை. ஆனாலும் ஆறு வருடமாக அவள் பிழைப்பு கடலில்தான். இண்டூரில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, சென்னை நிறுவனம் ஒன்றுக்காக எண்ணெய்க் குழாய்களின் ஆயுளைக் கணக்கிட்டுக் கொடுப்பாள். ஆயிரத்து இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து, நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கு எண்ணெயை ஏற்றும் குழாய்கள் அவை, ரைசர் என்பார்கள். கப்பல் ஆடினால் குழாயும் ஆடும். அந்த ஆட்டம் கடல்தரை வரை போகாதபடி நடுவில் மிதவைகளைப் பூட்டிக் குழாயைத் திமில்போல மேலே வளைத்து வைப்பார்கள்.

அந்த ஐப்பசிக் காலையில் கப்பலிலிருந்து வந்த அளவீடுகளைத் திறந்தவள் ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கடல் அமைதியாக இருந்த நாட்களிலும், குழாய் தரையைத் தொடும் இடம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வளைந்து நிமிர்ந்திருந்தது. மிதவைகள் நழுவியிருந்தால்தான் அப்படி ஆகும். பழைய கணக்கை எடுத்துப் பார்த்தாள். குழாயைச் சுற்றிய உறை ஆழத்தின் அழுத்தத்தில் வருடத்துக்கு வருடம் சுருங்கும்; மிதவைகளின் பிடி தளரும். அதை அவள் சேர்க்கவே இல்லை. இருபத்தைந்து வருடம் தாங்கும் என்ற தாளில் அவள் கையெழுத்து.

வங்கக் கடலில் புயல் உருவாகியிருந்தது. மறுநாள் கப்பலை நெருங்கும். கப்பலில் தொண்ணூறு பேர்.

"மொகமே வெளுத்துக் கெடக்குது, என்னாச்சு?" என்றான் கணவன் முனிராஜ்.

"நான் போட்ட கணக்கு தப்புங்க. சொன்னா வேலை போயிரும். சொல்லாம வுட்டா..."

அவன் போனை எடுத்து அவள் கையில் வைத்தான்.

மேலாளர் ஆரோக்கியராஜ் முழுவதையும் கேட்டார். "உற்பத்தியையே நிறுத்தச் சொல்றீங்க. உடையும்னு உறுதியா தெரியுமா?"

"தெரியாதுங்க சார். பயமா இருக்குதுங்க."

"கணக்கை அனுப்புங்க" என்றார்.

மாலைக்குள் எண்ணெய்க் கிணற்றை மூடி, குழாயிலிருந்த எண்ணெயைக் கப்பலுக்குத் தள்ளிவிட்டுக் கடல்நீரை நிரப்பினார்கள். அதன்பின் இரண்டு நாள் தகவலே இல்லை. இண்டூரில் தூறல்கூட இல்லை, வெறும் காற்றுதான். ஜன்னல் படபடத்தால்கூட அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன் அடித்தால் எடுக்கப் பயந்து முனிராஜைக் கூப்பிட்டாள்.

நான்காம் நாள் ஆரோக்கியராஜ் பேசினார். "கேமரா இறக்கிப் பாத்தாச்சு. பதினோரு மிதவை நழுவி ஒண்ணுமேல ஒண்ணு நெருக்கிட்டு இருக்கு. தரைக்கிட்ட ஒரு வெல்டிங் விரிஞ்சிருச்சு. நல்லவேளை, உள்ள எண்ணெய் இல்ல, கடல்தண்ணிதான் இருந்துச்சு."

"ஆளுங்க?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

சுகுணா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

விசாரணை நடந்தது, எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. உறை சுருங்கச் சுருங்கத் தானே இறுகும்படி ஸ்பிரிங் வைத்த புதுப் பிடியை நிறுவனம் உருவாக்கியபோது, அதன் கணக்கும் அவளிடமே வந்தது.

"இன்னொருத்தரும் தனியா போட்டுப் பாக்கட்டுங்க சார். அப்புறந்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றாள்.

இரண்டு கணக்கும் ஒத்து வந்தன. அப்படியும் மூன்று நாள் தள்ளிப்போட்டுத்தான் அவள் கையெழுத்திட்டாள்.